ஆமைக்குச் சவரம் செய்த மீன்கள்

லட்சத்தீவு
6.6.1982

அன்புள்ள நைனாவுக்கு, கஜபதி வணங்கி எழுதுவது. நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவும் சுகம்தானே?

பவளப் பாறை ஓரம் ஆமைகளைக் கவனிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி வேலை. முந்தாநாள் தண்ணீருக்குள் இறங்கியபோது, பெரிய ஆமை ஒன்று துடுப்புகளை விரித்து, கழுத்தை நீட்டியபடி அசையாமல் நின்றது. வாலடியில் கத்தி போல முள் உள்ள மீன்கள் அதைச் சூழ்ந்துகொண்டன. ஆமையைக் கடிக்கின்றன என்று நினைத்து, கூட வந்த சென்னைக்காரர் ஜம்புலிங்கம் அவற்றை விரட்டக் கையை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கத்திக்கு வேலையே இல்லை, நைனா. ஓட்டிலும் கழுத்திலும் படிந்த பாசியை வாயாலேயே வழித்துத் தின்றன.

படகில் ஏறியதும், "உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"எங்க நைனா திருத்தணி மலைமேல சாமி கும்பிட வர்றவங்களுக்கு மொட்டை போடுறாருங்க. நம்பிக் குந்திகினு இருக்கிற தலைய பார்த்தாலே எனக்குத் தெரியும்" என்றேன், படகில் இருந்த எல்லோர் காதிலும் விழும்படி.

பாறை உரசி என் காலில் சிறு சிராய்ப்பு. அதையும் ஒரு மீன் வந்து கொத்திப் பார்த்தது. ஆறிவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மலை விபூதி ஒரு பொட்டலமும், உங்கள் பெட்டியிலிருந்து படிகாரக் கட்டி ஒன்றும் அனுப்புங்கள்.

தபால் எடுத்துப்போகும் கப்பல் கிளம்பப் போகிறது. முடி காதை மூடிவிட்டது. இங்கே யாரிடமும் தலையைக் கொடுக்க மனம் வரவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்கிற அன்று வந்துவிடுவேன். கடைசித் தலை என்னுடையது.

உங்கள் மகன்,
கஜபதி