மாவு டப்பாவில் ஒளித்த எலும்புகள்

எர்சினின் அப்பாவுக்கு,

மகன் இன்னும் பந்தயம் கட்டுகிறானா என்று கேட்டிருந்தீர்கள்.

அரசாங்கம் சூதாட்ட விடுதிகளை அல்மாத்தி நகரத்திலிருந்து ஏரிக்கரைக்குத் துரத்தியபோது நான் கைதட்டினேன். நீங்களோ பஸ் பிடித்து அங்கேயும் போனீர்கள். பதினாறு வயதில் இவனுக்கு பஸ்கூட வேண்டியிருக்கவில்லை, கைபேசியே போதுமாக இருந்தது. பந்தயத்தை அவன் விட்டு ஐந்து மாதமாகிறது. பயத்தில், பிள்ளைகள் விளையாடும் ஆட்டுக்கணுக்கால் எலும்புகளைக்கூட மாவு டப்பாவில் ஒளித்துவைத்தேன். சிரிக்காதீர்கள்.

நவ்ரிஸ் பண்டிகையன்று சின்னவள் அக்போத்தா அவற்றைக் கண்டுபிடித்துவிட்டாள். ஜெயித்தவருக்கே எலும்பு என்று அண்ணனை இழுத்து உட்காரவைத்தாள். அவன் ஒவ்வொன்றாகத் தோற்றான், சிவப்புச் சாயம் பூசிய பெரியதையும் சேர்த்து.

"என்னண்ணா, அழப்போறியா?" என்றாள்.

"போடி, எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ."

'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்பானோ என்று அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். எழுந்து வந்து, "பசிக்குதும்மா" என்றான்.

தோற்ற கையோடு ஒருவர் எழுந்து சாப்பிட வருவதை இந்த வீட்டில் முதல்முறையாகப் பார்த்தேன்.

எண்ணெய்க் கிணற்று வேலையில் விடுப்பு கிடைத்ததும் வாருங்கள். உங்களையும் தோற்கடிக்க அக்போத்தா காத்திருக்கிறாள். நான் சாப்பாடு எடுத்துவைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி