மெஹராஜ் அக்காவின் செல்லோ

நாகப்பட்டினம்
4.8.2024

அன்புள்ள வித்யாவுக்கு,

அக்காவின் ஸலாம். நீ நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் பேசியே மடக்கிவிடுவாய்; அதனால்தான் கடிதம். இனி உன் சிம்பொனிக் குழுவின் ஒத்திகைக்கு நான் வரவில்லை. ஞாயிறுதோறும் ஆளுயர செல்லோவோடு தஞ்சாவூர் பஸ் ஏறி, "பொணம் இல்லைங்க, பெரிய பிடில் மாதிரி ஒரு வாத்தியம்" என்று கண்டக்டருக்கு விளக்கியது பதினோரு வருஷம். போதும்மா. உடம்பு அசந்துவிட்டது.

அக்கா
மெஹராஜ் பேகம்

தஞ்சாவூர்
9.8.2024

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் கல்லூரிக்குப் போய்வந்தேன். எனக்கு மட்டும் அசதி இல்லையா? முப்பத்தோரு பேரைச் சேர்த்து உட்கார வைப்பதற்குள் விடிந்துவிடுகிறது. டிரம்பெட் குஞ்சிதபாதத்தைக் கூப்பிட்டால், "நடவு முடியட்டும் மேடம்" என்கிறார். இருந்தும் செப்டம்பரில் குத்தாலம் பள்ளிக்கூடத்தில் வாசிக்க ஒத்துக்கொண்டுவிட்டேன். நானூறு பிள்ளைகள். ஒருவர்கூட சிம்பொனியை நேரில் கேட்டதில்லை. இந்தப் பக்கம் நம்மை விட்டால் யார் போவார்கள்? செல்லோவுக்கு உங்களை விட்டால் யார்? குத்தாலத்துக்கு மட்டும் வாங்கக்கா.

உங்கள்
வித்யாலக்ஷ்மி

நாகப்பட்டினம்
17.8.2024

வித்யா,

பஸ் ஒரு சாக்கு. டாக்டரிடம் காட்டினேன். வலது காது முக்கால்வாசி போய்விட்டது, இடதும் போய்க்கொண்டிருக்கிறதாம். ஒரு வருஷமாக ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் கேட்பேனே, "சுருதி சேருதா வித்யா?" என்று. "நல்லா சேருதுக்கா" என்பாய். நிஜமாகவே சேர்ந்ததா? அதற்கு மட்டும் பதில் எழுது.

மெஹராஜ்

தஞ்சாவூர்
22.8.2024

அக்கா,

சேரவில்லை. போன வருஷம் வேளாங்கண்ணியில் வாசித்தபோதே எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் டபுள் பாஸ் வாசிக்கும் ஹரிஹரசுப்ரமணியனிடம், "கொஞ்சம் சத்தமா வாசிங்க" என்று சொல்லிவைத்தேன், உங்கள் பிசிறு வெளியே கேட்காமலிருக்க. உங்கள் மனசு நோகுமே என்றுதான் மறைத்தேன் என்று எழுத ஆசை. ஆனால் முதலில் நினைத்தது குழுவைத்தான். நீங்கள் போனால் கலைந்துவிடும் என்று பயந்தேன். மன்னிப்புக் கேட்கவும் தெம்பில்லை.

வித்யா

நாகப்பட்டினம்
16.9.2024

வித்யாவுக்கு,

ஸலாம். குத்தாலத்துக்கு வந்திருந்தேன். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு, இடது காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சன்னமாக வாசித்த இடங்களில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சிறுமி, வாயருகே கொண்டுபோன முறுக்கைக் கடிக்க மறந்து அப்படியே இருந்தாள்.

செல்லோ தொடங்கும் இடத்தில், முன்னால் நின்று குழுவை நடத்திக்கொண்டிருந்த நீ, 'வாசிங்க' என்பதுபோல் என் காலி நாற்காலியைப் பார்த்துக் கையை நீட்டினாய். பழக்கம். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

குழுவை முதலில் நினைத்தது சரிதான். உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால், நீ "சேருதுக்கா" என்றாயே, அந்த மாதிரிதான் இருக்கும்.

அடுத்த முறை அந்த நாற்காலியைப் போடாதே. வயோலாக்காரர்களை நகர்த்தி உட்கார வை. இதற்குப் பதில் வேண்டாம். எழுதத் தோன்றும்போது நானே எழுதுகிறேன்.

துஆவுடன்
மெஹராஜ் பேகம்