மிதிக்காமல் இருந்த பத்து நிமிடம்

அன்பு மகன் தனேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நலம், காரும் நலம். சிங்கப்பூரில் நீயும் மருமகள் மலரும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய். அதனால் கடிதம்.

காரை வாங்க சனிக்கிழமை திருச்செல்வம் வருவார் என்று நீயே முடிவு செய்து சொன்னாய். அவர் வருவதற்குள் த்ராட்டில் பாடியை மாற்றிவிட நானும் முடிவு செய்தேன். எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் கதவு அது. அது கெட்டதால்தான் மேட்டில் கார் திணறி நின்றது. அதற்காகக் காரை விற்று என்னையும் அங்கே கூட்டிக்கொள்ளப் பார்த்தாய். மலைக்குக் கீழே ஈப்போ நகரில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் புதியது வந்தது. வெள்ளிக்கிழமை பேட்டரி ஒயரைக் கழற்றினேன். காற்றுக்குழாய். நான்கு போல்ட். சாரல். பக்கத்து வீட்டு உமாதேவி குடை பிடித்தாள், வாயை மூடவில்லை. கழட்டுனத திருப்பி மாட்டுவியாடி, இல்ல கூடையில அள்ளணுமா என்றாள். ஒரு தவறு செய்தேன், மறைக்க மாட்டேன். ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை, காற்று கசியாமல் அடைக்கும் அந்தத் தகட்டை, சரியாகச் சுரண்டாமல் பூட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய சீழ்க்கை. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்ன காது இது. சனிக்கிழமை விடிந்ததும் திரும்பக் கழற்றிச் சுரண்டி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

திருச்செல்வம் காய்கறி லாரியில் வந்து இறங்கினார். போகும்போது இறக்கத்தில் நம் காரை உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற நினைப்பு. அப்போதுதான் ஸ்டார்ட் செய்திருந்த எஞ்சின் ஏறி இறங்கி உறுமிக்கொண்டிருந்தது. செத்துப் போச்சுக்கா, குடுத்துருங்க லா, ஒரு மிதி மிதிங்க, அதுவே சொல்லும் என்றார். மிதிக்கவில்லை. புதிதாகப் பூட்டினால் பத்து நிமிடம் ஆக்சிலரேட்டர் பெடலைத் தொடக் கூடாது. எவ்வளவு காற்று போதும் என்று எஞ்சின் தானே கற்றுக்கொள்ள வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ போனில் சொன்னதெல்லாம் காதில் ஓடியது. கால் அசையவில்லை. ஏழாவது நிமிடம் உறுமல் தணிந்தது. பத்தாவதில் ஒரே சீரான சத்தம். ஏறுங்க தம்பி, நடந்தா போவீங்க என்றேன். கீழே அவர் ஊரான கம்போங் ராஜாவில் அவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டேன். திரும்பும் மேட்டில் எங்கேயும் நிற்கவில்லை.

பொங்கலுக்கு உங்களைப் பார்க்க வருவேன். மறுவாரம் திரும்பிவிடுவேன். இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். மறக்காமல் உன்னிடமுள்ள காரின் இன்னொரு சாவியைத் தபாலில் அனுப்பு. திருச்செல்வத்துக்கு இல்லை. எனக்கு.

உன் அம்மா,
வரலட்சுமி