அவள் போன் அடித்தால்

அன்பு அம்மாவுக்கு,

உங்கள் மருமகள், என்னவள், இறந்துபோய்விட்டாள் என்று அண்ணன் போனில் சொன்னது அன்றைக்குக் காலை ஏழு பத்துக்கு. இன்று அதே நேரத்துக்கு நான் வேலை செய்யும் பட்டறையில் ஒரு டீசல் பிக்கப் வண்டி கிளம்பாமல் படுத்துக்கொண்டது. உங்கள் மூட்டுவலி பரவாயில்லையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பேட்டரி சரி, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் புகையே வரவில்லை. அப்படியென்றால் இன்ஜினுக்கு டீசல் போகவில்லை. ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்தேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. காற்று நின்ற பிறகும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

"போதும்டா, டேங்கையே காலி பண்ணிடுவ போல!" என்று மேஸ்திரி கையைப் பிடித்தார். வண்டி கிளம்பிவிட்டது. எனக்குத்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

அவள் போனைச் சார்ஜில் போட்டு வையுங்கள். அடித்தால் எடுக்காதீர்கள், நான்தான்; அது அடிப்பதைக் கேட்டால் போதும் எனக்கு. நேற்று நீங்கள் எடுத்து "சொல்லுப்பா" என்றதும் துண்டித்துவிட்டேன். திருப்பிக் கூப்பிடுவீர்கள் என்று என் போனை அணைத்துவிட்டேன்.