காரின் நெற்றி

செப்டம்பர் 9
புதுக் கார் வந்துவிட்டது. ஷோரூம் ஷெர்வின் முன் கண்ணாடியின் உச்சியைக் காட்டினான். உள்பக்கம் ஒரு கேமரா. முன்னால் போகும் வண்டி, ஆள், ரோட்டுக் கோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வரும். மோதப்போகிறது என்றால் முதலில் கத்தும்; நாம் மிதிக்காவிட்டால் தானே பிரேக் போடும்.

“ஆனா இது உதவிக்குத்தான் சார். ஓட்டுறது நீங்கதான்” என்றான். விற்கிறவன் கடைசியில் இப்படி ஒன்று சொல்லி வைப்பான். டைல்ஸ் விற்கும்போது நானும் சொல்வேன்.

செப்டம்பர் 17
கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ குறுக்கே நின்றது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் தானே நின்றது! பக்கத்தில் துரை — கடை தொடங்கிய நாளிலிருந்து எனக்காக வீடுகளில் தரை அளவு எடுக்கிறவன் — சிரித்தான். “அண்ணா, இனிமே நீ தூங்கிகினே வரலாம்.”

அக்டோபர் 1
ஆயுத பூஜை. டைல்ஸ் வெட்டும் மெஷினுக்குப் பொட்டு, கல்லாவுக்குப் பொட்டு. காருக்கு மட்டும் என் மனைவி சாமுண்டீஸ்வரியின் தனிக் கவனிப்பு. கண்ணாடி உச்சியில், நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். “நெத்தியில வெச்சாதாங்க நிறைவா இருக்கு.”

அக்டோபர் 2
காரை எடுத்ததும் திரையில் வந்தது: கேமரா மறைந்திருக்கிறது, துடைக்கவும். பூஜை போட்ட மறுநாளே துடைப்பதா? ஓகே அழுத்திவிட்டேன்.

அக்டோபர் 4
துரை.

அக்டோபர் 5
எழுதித்தான் ஆக வேண்டும். கேளம்பாக்கம் ரோட்டில், சைட்டுக்கு வழி காட்ட, ஸ்கூட்டரில் முன்னால் போனான். எனக்குப் போன் வந்தது, குனிந்தேன். மாடு குறுக்கே வந்து அவன் நிறுத்தியிருக்கிறான். நிமிர்ந்தால் அவன் முதுகு. கார் கத்தவில்லை. நிற்கவில்லை. நான் ஏன் மிதிக்கல? பார்த்தேனே — எதுக்குடா காத்துகினு இருந்தே?

அக்டோபர் 8
வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் கேட்டான்: “அண்ணா, காருக்கு ஒண்ணும் ஆவலியே?”

அக்டோபர் 13
எல்லோரிடமும் கார் கோளாறு என்றே சொல்லி வந்தேன். சர்வீஸ்காரர் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். “திரையில மெசேஜ் வந்திருக்குமே சார்?”

வீட்டில் சாமுண்டீஸ்வரி: “பூஜை போட்டதாலதான் உங்க மேல ஒரு கீறல்கூட இல்ல.”



நவம்பர் 20
பழுது முடிந்து கார் வந்தது. அமாவாசை. சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். நெற்றியில் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சொன்னேன் — கேமரா, திரை, நான் அழுத்திய ஓகே, எல்லாம்.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “துரைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

செருப்பை மாட்டினாள். “வாங்க.”

அஸ்தினாபுரத்தில் துரை வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். துரை கட்டிலில் உட்கார்ந்தபடி முழுக்கக் கேட்டான்.

“சரி சார்” என்றான்.