பாட்டின் அடியில் இருந்த பெயர்

வியாழக்கிழமை, மழை.

நான் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்து நடத்தும் பாட்டுப் பத்திரிகையின் புது இதழை, காலையில் ஒரகடம் டீக்கடைகளில் வைத்தேன். பக்கத்து அறை முத்துமாரி நாங்கள் இருவரும் வேலை செய்யும் கம்பெனியின் சூப்பர்வைசரைக் கேலி செய்து கட்டிய பாட்டும் அதில் இருக்கிறது. "எம் பேரு மட்டும் வேணாங்க்கா, வேல போயிரும்" என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தாள். பாட்டோடு போட்ட அவள் பேட்டியில் பெயரை மாற்றினேன். பாட்டின் அடியில் மாற்ற மறந்துவிட்டேன்.

மதியம்தான் அது கண்ணில் பட்டது. ஷிப்டுக்குப் போகாமல் கடை கடையாக ஓடி எல்லாப் பிரதியையும் திரும்ப எடுத்தேன். கடைசிக் கடையில் ஒன்று குறைந்தது.

"உங்க சூப்பர்வைசர்தாம்மா எட்த்துகினு போனாரு," என்றார் கடைக்காரர். "சிரிச்சிகினே படிச்சாரு."

சாயங்காலம் முத்துமாரி வேலை முடிந்து வந்தாள். அவளிடம் இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை போல. "புத்தகம் வந்துருச்சாக்கா?" என்றாள்.

"இல்ல, மழைல ஜெராக்ஸ் கடை தொறக்கல" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஏதோ பாடிப் பார்க்கிறாள். நாளை அவளுக்கு முதல் ஷிப்ட். அதற்குள் சொல்லியாக வேண்டும். எழுந்து அவள் கதவுவரை போனேன். பாட்டு நின்றது. தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டாள்.