தற்காப்பு, ரெண்டு தடவை

டல்சா, அமெரிக்கா, செவ்வாய்க்கிழமை

என் மாவீரக் கணவனுக்கு,

திரும்பி வரச் சொல்லி நீ எழுதிய கடிதம் வந்தது.

போன மாதம் கருத்துக்கணிப்புக்காரி போனில் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். “தற்காப்புக்குத் துப்பாக்கி எடுத்திருக்கேனாவா? இந்த வருஷமே ரெண்டு தடவைம்மா. இல்லேன்னா செத்திருப்பேன்!” என்றாய்.

ஒருத்தி, எதிர்வீட்டு டார்லீன். பாவம், ஆப்பிள் கேக் கொடுக்க வந்தவள் உன் துப்பாக்கியைப் பார்த்ததும் தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

இன்னொருவர் யார்? நம் வீட்டுக்குத் திருடன்கூட வந்ததில்லையே! யோசித்த பிறகுதான் புரிந்தது. உன்னை விட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு நின்ற என்னிடம், “ஒரு அடி வெச்சுப் பாருடி” என்று துப்பாக்கியை நீட்டினாயே, அது. அன்று பயந்துபோய்ப் பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

ஆனால் தற்காப்பு என்றால், பயந்தவன் நீதான்; போனில் நீயே சொன்னாய். அந்தப் போன் வந்த மறுநாள் உன் கண்ணெதிரிலேயே கிளம்பினேன்.

இப்படிக்கு,
உன் உயிருக்கு ஆபத்தாக இருந்தவள்